அமெரிக்கப் பழங்குடி நாடுகளில் தொற்றுநோய்க் கட்டுப்பாட்டு அதிகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற பழங்குடி நாடுகள் 570க்கும் மேல் உள்ளன. சில, பல மாநிலங்களைத் தொட்டு விரிந்திருப்பவை. சில, ஒரே ஒரு சிற்றூருக்குள் அடங்குபவை. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது இவற்றில் பல ஊரடங்கு பிறப்பித்தன, சாலைகளில் சோதனைச் சாவடி அமைத்தன, சுற்றுலாப் பயணிகளைத் திருப்பி அனுப்பின. இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் உண்டா, அந்த அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்பவர்களுக்காக எழுதப்பட்ட விளக்கம் இது. ஒவ்வொரு பழங்குடி நாட்டுக்கும் தனித்தனி அரசியலமைப்பும் சட்டத்தொகுப்பும் உண்டு என்பதால், இங்கே சொல்லப்படுவது பொதுவான சட்ட நிலையே தவிர எந்த ஒரு நாட்டின் விதிகளுக்கும் மாற்று அல்ல.

இந்த அதிகாரத்தைப் பழங்குடி அரசுக்குக் கொடுத்தது மாநிலமா, மத்திய அரசா?

இரண்டும் இல்லை. பழங்குடி நாடுகளின் ஆட்சியுரிமை அமெரிக்க ஐக்கிய நாடுகள் உருவாவதற்கு முன்பே இருந்தது; பின்னாளில் அது சுருக்கப்பட்டதே ஒழிய, புதிதாக வழங்கப்படவில்லை. 1831ஆம் ஆண்டுச் செரோகீ வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றை 'உள்நாட்டுச் சார்பு நாடுகள்' என்று வகைப்படுத்தியது. அடுத்த ஆண்டு வொர்செஸ்டர் வழக்கில், ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செரோகீ நிலத்துக்குள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தன் மக்களின் உடல்நலத்தைக் காப்பது ஆட்சியுரிமையின் அடிப்படைக் கூறு என்பதால், தொற்றுநோய் பற்றித் தனிச் சட்டம் எதுவும் இயற்றியிராத பழங்குடி நாட்டுக்கும் அந்த அதிகாரம் உண்டு. நாடாளுமன்றமான காங்கிரஸ் இந்த அதிகாரத்தைச் சட்டத்தின் மூலம் கட்டுப்படுத்த முடியும். மாநிலம் தன் விருப்பத்துக்குக் கட்டுப்படுத்த முடியாது.

அதிகாரம் இருப்பதும் அதைப் பயன்படுத்தும் வழிமுறை எழுதப்பட்டிருப்பதும் வேறு வேறு என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நோய் பரவத் தொடங்கிய பிறகு, யார் கையெழுத்திட வேண்டும், எந்த நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கும் அரசு, அதிகாரம் இருந்தும் இல்லாத நிலையில்தான் நிற்கிறது.

நடைமுறையில் இந்த அதிகாரத்தில் என்னென்ன அடங்கும்?

நோயாளி பற்றிய தகவலை மருத்துவர்களும் ஆய்வகங்களும் தெரிவிக்கக் கோருவது, தொடர்பில் இருந்தவர்களைக் கண்டறிவது, பரிசோதனைக்கு அழைப்பது, நோயுற்றவரைத் தனிமைப்படுத்துவது, தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்று கருதப்படுபவரை நோய் வெளிப்படும் காலம் முடியும்வரை கண்காணிப்பில் வைப்பது, கூட்டங்களைத் தடை செய்வது, கடைகளையும் பள்ளிகளையும் மூடுவது, எல்லையில் நுழைவோரைக் கட்டுப்படுத்துவது ஆகியவை பொதுவாகப் பேசப்படுபவை. அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றும் உண்டு. அது விலங்குகள், குடிநீர், குப்பை, வீட்டுச் சுற்றுப்புறம் ஆகியவற்றின் மீதான அதிகாரம்.

கிழக்கு அரிசோனாவின் பழங்குடி நிலங்களில் 2000களின் தொடக்கத்திலிருந்து 'ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல்' என்ற நோய் பரவி உயிர்களைப் பறித்தது. நாய்களின் மேல் வாழும் பழுப்பு உண்ணியே அங்கே இதைப் பரப்பியது. நோய் தொடங்கிய சில நாட்களுக்குள் டாக்சிசைக்ளின் கொடுத்தால் குணமாகும். தாமதித்தால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, மரணம் நேரும். மனிதரைத் தனிமைப்படுத்துவதால் இந்த நோயில் எந்தப் பயனும் இல்லை, ஏனென்றால் இது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரடியாகத் தொற்றுவதில்லை. 2012இல் அங்கே ஒரு சமூகத்தில் மேற்கொள்ளப்பட்ட திட்டத்தில், நாய்களுக்கு உண்ணிக்கொல்லி தடவிய கழுத்துப்பட்டை கட்டப்பட்டது, வீட்டு முற்றங்களில் மருந்து தெளிக்கப்பட்டது, நாய்களுக்குக் கருத்தடை செய்யப்பட்டது. உண்ணிகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. ஒருவரது முற்றத்துக்குள் நுழைந்து மருந்து தெளிப்பதும், அவரது நாயைக் கட்டிவைக்கச் சொல்வதும் சிறிய அதிகாரங்களாகத் தோன்றலாம். ஆனால் ஊரடங்கை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்படும் சட்டத்தொகுப்பில் விட்டுப்போவது இவைதான்.

உத்தரவு பிறப்பிப்பது யார்?

அந்தந்த நாட்டின் அரசியலமைப்பைப் பொறுத்தது. பெரும்பாலும் பழங்குடி மன்றம் சட்டத்தையும் நெருக்கடிநிலைத் தீர்மானத்தையும் நிறைவேற்றுகிறது. தலைவர் நிர்வாக ஆணை வெளியிடுகிறார். சுகாதார அதிகாரி தனிநபர் சார்ந்த உத்தரவுகளைப் பிறப்பிக்கிறார். பழங்குடி நீதிமன்றம் அவற்றைச் சரிபார்க்கிறது. அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் சுமார் 27,000 சதுர மைல் பரப்பில் விரிந்துள்ள நவஹோ நாட்டில், 2020 மார்ச்சில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. அதன்பின் அந்நாட்டின் சுகாதாரத் துறை பொதுச் சுகாதார அவசர ஆணைகளைத் தொடர்ச்சியாக வெளியிட்டது. ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த 57 மணி நேர வார இறுதி முடக்கங்கள் அப்படிப்பட்ட ஆணைகளின் வழியாக வந்தவையே.

சிறிய நாடுகளில் முழுநேரச் சுகாதார அதிகாரியே இல்லாத நிலை உண்டு. அங்கே பக்கத்துப் பழங்குடி நாட்டுடனோ மாவட்டத்துடனோ ஒப்பந்தம் செய்துகொண்டு ஒரு மருத்துவரை அந்தப் பொறுப்பில் நியமிப்பார்கள். அவர் வெளியிடும் உத்தரவு பழங்குடி நாட்டின் பெயரில், அதன் சட்டத்தின் கீழ் வெளியாக வேண்டும். இல்லாவிட்டால் உத்தரவை எதிர்த்து வருபவர் முதலில் எழுப்பும் ஆட்சேபம் அதுவாகத்தான் இருக்கும்.

ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகத் தனிமைப்படுத்த முடியுமா?

முடியும். ஆனால் முறையான நடைமுறையைப் பின்பற்றாமல் முடியாது. அமெரிக்க அரசியலமைப்பின் உரிமைப் பிரகடனம் பழங்குடி அரசுகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பது 1896ஆம் ஆண்டு டால்டன் வழக்கிலிருந்து நிலைத்துவரும் சட்டம். அந்த இடைவெளியை நிரப்பவே 1968இல் காங்கிரஸ் 'இந்தியக் குடிமை உரிமைகள் சட்டம்' என்பதை இயற்றியது. இதில் 'இந்திய' என்பது அமெரிக்கப் பூர்வகுடிகளைக் குறிக்கும் சட்டச் சொல். உரிய சட்ட நடைமுறையின்றி எந்தப் பழங்குடி அரசும் ஒருவரின் சுதந்திரத்தையோ உடைமையையோ பறிக்கக் கூடாது என்றும், சட்டப்படி அனைவருக்கும் சமப் பாதுகாப்பு வேண்டும் என்றும் அது சொல்கிறது. பழங்குடி அரசின் உத்தரவால் தடுத்து வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவுடன் மத்திய நீதிமன்றத்தை அணுகலாம். அந்தச் சட்டத்தின் கீழ் மத்திய நீதிமன்றத்தில் கிடைக்கும் பரிகாரம் ஆட்கொணர்வு மட்டுமே என்று 1978ஆம் ஆண்டு சாண்டா கிளாரா புவெப்லோ வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. மற்றக் குறைகளைப் பழங்குடி நீதிமன்றத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒழுங்காக எழுதப்பட்ட தனிமைப்படுத்தல் உத்தரவில் நோயின் பெயர், அது இருப்பதாகக் கருதுவதற்கான காரணம், தங்க வேண்டிய இடம், தொடங்கும் நாள், எந்த நிபந்தனை நிறைவேறினால் விடுவிக்கப்படுவார் என்பது, விசாரணை கோரும் உரிமை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை, பேசித் தெளிவு பெற ஒரு தொலைபேசி எண் ஆகிய அனைத்தும் இருக்கும். அது அவருக்குப் புரியும் மொழியில் வாய்மொழியாகவும் விளக்கப்பட வேண்டும். இதில் விடுவிப்பு நிபந்தனைதான் முக்கியமானது என்பது என் கருத்து. 'மறு உத்தரவு வரும்வரை' என்று எழுதப்பட்ட உத்தரவு எந்த நீதிபதியின் முன்னும் தடுமாறும். 'தொடர்ந்து எடுக்கப்படும் சளி மாதிரிகளில் கிருமி காணப்படாத நாள்வரை' என்று எழுதப்பட்டது நிற்கும்.

காசநோயை எடுத்துக்கொண்டால் படிநிலை தெளிவாகும். மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு வழக்கமான சிகிச்சைக் காலம் ஆறு மாதங்கள். முதலில் தானாக மருந்து உட்கொள்ளச் சொல்லுதல் அல்லது சுகாதாரப் பணியாளரின் கண்முன் உட்கொள்ளச் செய்தல். அது தவறினால் எழுத்து மூல எச்சரிக்கை. பிறகு நேரடிக் கண்காணிப்புக்கான நீதிமன்ற உத்தரவு. அதுவும் மீறப்பட்டால் மட்டுமே மருத்துவமனையில் தடுத்து வைத்தல். மிகக் குறைந்த கட்டுப்பாட்டால் காரியம் ஆகுமென்றால் அதைத் தாண்டக் கூடாது என்பதே விதி. சிறைச்சாலை இந்தப் படிகளில் எங்கும் வராது, வரவும் கூடாது.

வீட்டிலேயே இரு என்று சொல்லிவிட்டால் போதுமா? உணவுக்கும் தண்ணீருக்கும் யார் பொறுப்பு?

பல சட்டத்தொகுப்புகள் இதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. உண்மையில் உத்தரவு நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான்.

நவஹோ நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது. பீப்பாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, பல மைல் தூரம் ஓட்டிச் சென்று, பொதுக் குழாயில் நிரப்பிக்கொண்டு திரும்புவது அந்த வீடுகளின் வழக்கமான வேலை. அந்த வீட்டாரிடம் பதினான்கு நாள் வெளியே வராதீர்கள் என்றும், அடிக்கடி கை கழுவுங்கள் என்றும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தால் இரண்டில் ஒன்றை அவர்கள் மீறியே ஆக வேண்டும். ஆடு வளர்ப்பவருக்கு வைக்கோல் வேண்டும்; குளிர்காலத்தில் விறகு வேண்டும்; தாத்தா, பாட்டி, பிள்ளைகள், பேரக்குழந்தைகள் என்று மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழும் வீட்டில் நோயுற்றவரை ஒதுக்கி வைக்கத் தனி அறை இருக்காது. 2020இல் நவஹோ தலைவர்களும் தன்னார்வலர்களும் தண்ணீர், உணவுப்பொருள், விறகு, கால்நடைத் தீவனம் ஆகியவற்றை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது நல்லெண்ணச் செயலாக மட்டும் பார்க்கத்தக்கதல்ல. ஊரடங்கு ஆணையை நிறைவேற்றத்தக்கதாக ஆக்கியது அதுவே.

அரிசோனாவின் ஒயிட் மவுண்டன் அப்பாச்சி நிலத்தில், ஒயிட்ரிவர் மருத்துவமனையின் குழுவினர் தொடர்பில் இருந்தவர்களைத் தேடிச் செல்வதையும் மருத்துவப் பரிசோதனையையும் ஒன்றாக இணைத்தார்கள். தொலைபேசியில் விசாரித்து நிறுத்தாமல் வீட்டுக்கே சென்று, விரல் நுனியில் கருவியை மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்த்தார்கள். மூச்சுத் திணறலே தெரியாமல் ஆக்சிஜன் குறைந்திருந்தவர்கள் முன்கூட்டியே மருத்துவமனைக்கு வந்து சேர இது வழி செய்தது. கதவைத் தட்டுபவர் உத்தரவை மட்டும் கொண்டு வராமல் உதவியையும் கொண்டு வந்தால் கதவு திறக்கும் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பழங்குடி உறுப்பினர் அல்லாதவர்களையும் இந்த உத்தரவுகள் கட்டுப்படுத்துமா?

மிகவும் சிக்கலான கேள்வி இது. மூன்று தீர்ப்புகளை வரிசையாகப் பார்த்தால் ஓரளவு தெளியும்.

1978ஆம் ஆண்டு ஒலிஃபன்ட் வழக்கில், பூர்வகுடி அல்லாதவர் மீது பழங்குடி அரசுக்குக் குற்றவியல் அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஊரடங்கை மீறும் வெளியாளை அந்த நாட்டின் குற்றவியல் சட்டப்படி வழக்குத் தொடுத்துத் தண்டிக்க முடியாது. 1981ஆம் ஆண்டு மான்டானா வழக்கில், உரிமையியல் அதிகாரமும் பொதுவாக உறுப்பினர் அல்லாதவர் மீது செல்லாது என்று கூறிய நீதிமன்றம் இரண்டு விலக்குகளைத் தந்தது. ஒன்று, வணிகம், குத்தகை, ஒப்பந்தம் போன்றவற்றின் மூலம் பழங்குடி நாட்டுடன் தாமே உறவு ஏற்படுத்திக்கொண்டவர்கள். மற்றொன்று, பழங்குடி நாட்டின் அரசியல் ஒருமைப்பாட்டையோ பொருளாதாரப் பாதுகாப்பையோ உடல்நலத்தையோ நல்வாழ்வையோ அச்சுறுத்தும் நடத்தை. இரண்டாவது விலக்கில் உடல்நலம் என்ற சொல்லே இருப்பதால், தொற்றுநோய் அதில் அடங்கும் என்று வாதிடுவதற்கு வலுவான இடம் உண்டு. ஆனால் நீதிமன்றங்கள் அந்த விலக்கைக் குறுக்கியே படித்து வந்திருக்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது.

மூன்றாவது, ஜோஷுவா கூலி என்பவர் தொடர்பாக 2021இல் தீர்ப்பு வந்த 'கூலி' வழக்கு. பொதுச் சாலையில் செல்லும் பூர்வகுடி அல்லாதவரைத் தற்காலிகமாக நிறுத்தி விசாரிக்கவும் சோதிக்கவும் பழங்குடிக் காவலருக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அதற்கு மான்டானா வழக்கின் இரண்டாவது விலக்கையே ஆதாரமாகக் கொண்டது. அது போதைப்பொருளும் ஆயுதமும் சம்பந்தப்பட்ட வழக்கு, நோய் சம்பந்தப்பட்டதல்ல. இருந்தாலும் அதன் தர்க்கம் சுகாதாரத்துக்கும் பொருந்தும்.

இவற்றைத் தவிர, தங்கள் நிலத்திலிருந்து வெளியாட்களை விலக்கி வைக்கும் உரிமை பழங்குடி நாடுகளுக்குத் தொன்றுதொட்டு உண்டு. கிராண்ட் கேன்யனின் அடியில் வாழும் ஹவசுபாய் மக்கள் 2020 மார்ச்சில் சுபாய் கிராமத்தையும் அருவிகளையும் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடினார்கள். 2023 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தார்கள். சுற்றுலாவே முதன்மை வருமானமாக உள்ள ஒரு மக்கள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அதைத் துறந்தார்கள். அந்த உரிமையைச் சட்டப்படி பெரிதாக யாரும் எதிர்க்கவில்லை.

அப்படியென்றால் நெடுஞ்சாலையில் சோதனைச் சாவடி அமைத்தது சரியா?

2020 வசந்தத்தில் தெற்கு டகோட்டாவின் செயென் ரிவர் சூ, ஒக்லாலா சூ ஆகிய இரு பழங்குடி நாடுகள் தங்கள் நிலத்துக்குள் நுழையும் சாலைகளில் சாவடிகள் அமைத்தன. அந்த மாநிலத்தில் அப்போது வீட்டிலிருக்கச் சொல்லும் பொது உத்தரவு எதுவும் இல்லை. செயென் ரிவர் மக்களுக்கு ஈகிள் பட்டில் இருந்த மருத்துவமனையில் எட்டுப் படுக்கைகள்; தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை; அந்த வசதியுள்ள மருத்துவமனை ரேபிட் சிட்டியில், சுமார் மூன்று மணி நேரப் பயணத் தொலைவில். நோய் உள்ளே வந்துவிட்டால் சமாளிக்க வழியில்லை என்பதால் அதை வாசலிலேயே நிறுத்தப் பார்த்தார்கள். வருபவரை நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர்கள், காய்ச்சல் உண்டா, என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டுப் படிவத்தில் குறித்துக்கொண்டார்கள்.

மே 8 அன்று மாநில ஆளுநர் கிறிஸ்டி நோம், மாநில நெடுஞ்சாலைகளிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நெடுஞ்சாலைகளிலும் உள்ள சாவடிகளை 48 மணி நேரத்துக்குள் அகற்றக் கோரிக் கடிதம் அனுப்பினார். செயென் ரிவர் தலைவர் ஹெரால்டு ஃபிரேசியர் மறுத்தார். பின்னர் மத்திய அரசின் அழுத்தமும் சேர்ந்துகொள்ளவே, ஜூன் மாதத்தில் அந்தப் பழங்குடி நாடு மத்திய அரசின் மீதே வழக்குத் தொடுத்தது. சாவடிகள் அதன் பிறகும் பல மாதங்கள் நீடித்தன.

சட்டத்தின் நிலை இரு பக்கமும் இழுபடுகிறது. 1997ஆம் ஆண்டு ஸ்ட்ரேட் வழக்கில், பழங்குடி நிலத்தின் ஊடாகச் செல்லும் மாநில நெடுஞ்சாலையில் நடந்த விபத்து வழக்குக்கு, அந்தச் சாலையைப் பூர்வகுடி அல்லாதவருக்குச் சொந்தமான நிலத்துக்கு ஒப்பானதாக நீதிமன்றம் கருதியது. இது மாநிலத்துக்குச் சாதகம். கூலி தீர்ப்பு பழங்குடி நாட்டுக்குச் சாதகம். கூலி என்ற அந்த நபர் விசாரிக்கப்பட்ட சாலை, மான்டானாவில் குரோ பழங்குடி நிலத்தின் வழியாகச் செல்லும் 212ஆம் எண் நெடுஞ்சாலை. அதே நெடுஞ்சாலைதான் ஈகிள் பட்டையும் கடந்து செல்கிறது. அந்தத் தீர்ப்பு முன்பே வந்திருந்தால் மே மாதக் கடிதத்தின் தொனி வேறாக இருந்திருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது. என் பார்வையில், நிறுத்திக் கேட்டு வழிவிடும் சாவடி நிற்கும். கடந்து செல்ல மட்டும் வருபவரை அடியோடு மறித்துத் திருப்பும் சாவடி அவ்வளவு எளிதாக நிற்காது.

மாநிலச் சுகாதார அதிகாரிகள் பழங்குடி நிலத்துக்குள் வரலாமா?

பொதுவாக, அழைப்போ ஒப்பந்தமோ இல்லாமல் மாநிலத்தின் சுகாதார விதிகள் பழங்குடி உறுப்பினர்கள் மீது செல்லாது. 1929ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மத்திய அரசின் உள்துறைச் செயலர் வகுக்கும் விதிகளுக்கு உட்பட்டு, சுகாதார ஆய்வுக்காகவும் நோய்த்தடுப்பு விதிகளை நிறைவேற்றுவதற்காகவும் மாநில அதிகாரிகளைப் பழங்குடி நிலத்துக்குள் அனுமதிக்கலாம் என்கிறது. அந்த அனுமதி உள்துறைச் செயலரின் வழியாக வர வேண்டியது. மாநிலம் தானாக எடுத்துக்கொள்ளக் கூடியதல்ல. 1953ஆம் ஆண்டின் 280ஆம் எண் பொதுச் சட்டம் கலிஃபோர்னியா, மினசோட்டா, நெப்ராஸ்கா, ஓரிகன், விஸ்கான்சின், பின்னர் அலாஸ்கா ஆகிய மாநிலங்களுக்குப் பழங்குடி நிலங்களில் குற்றவியல் அதிகாரத்தைத் தந்தது. ஆனால் அது ஒழுங்குமுறை அதிகாரத்தைத் தரவில்லை என்று 1976இல் பிரையன் வழக்கு தெளிவாக்கியது.

நல்லுறவு உள்ள இடங்களில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. ஆய்வகம் யாருடையது, தகவல் எத்தனை மணி நேரத்துக்குள் பகிரப்படும், ஒரு பக்கத்து உத்தரவை மறுபக்க நீதிமன்றம் ஏற்குமா என்பதெல்லாம் முன்கூட்டியே கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருக்கும்.

மத்திய அரசின் பங்கு என்ன?

மாநிலங்களுக்கு இடையிலான பரவலைத் தடுக்கும் அதிகாரம் 1944ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சேவைச் சட்டத்தின்படி மத்திய அரசிடம் உள்ளது. மருத்துவச் சேவை 1955 முதல் இந்தியச் சுகாதாரச் சேவை என்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. 1975ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டத்தின் கீழ் அந்தச் சேவைகளைப் பழங்குடி நாடுகள் ஒப்பந்தத்தின் மூலம் தாமே ஏற்று நடத்தலாம். பல நாடுகள் அப்படி நடத்துகின்றன. 2013 முதல் பேரிடர் அறிவிப்பை மாநில ஆளுநர் வழியாக அல்லாமல் நேரடியாகக் குடியரசுத் தலைவரிடம் கோரும் உரிமையும் அவற்றுக்கு உண்டு.

பலரும் மறந்துவிட்ட ஒரு சட்டமும் இருக்கிறது. 1914இல் இயற்றப்பட்ட அது, காசநோய், கண்ணோயான டிரக்கோமா முதலிய தொற்றுநோய் உள்ள பூர்வகுடியினரைத் தனிமைப்படுத்தவும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவும் மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. விசாரணை பற்றியோ மேல்முறையீடு பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. பூர்வகுடிகளைக் காப்பாளர் ஒருவரின் பொறுப்பில் உள்ள சிறுவர்களாக நடத்திய காலத்தின் சட்டம் அது. பழங்குடி நாடு தனக்கென நல்ல சட்டத்தொகுப்பை எழுதிக்கொள்வதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

மக்கள் ஏன் சில நேரங்களில் சுகாதார உத்தரவுகளை நம்ப மறுக்கிறார்கள்?

1832இல் காங்கிரஸ் பூர்வகுடிகளுக்கு அம்மைத் தடுப்பூசி போடச் சட்டம் இயற்றி 12,000 டாலர் ஒதுக்கியது. போர்ச் செயலராக இருந்த லூயிஸ் காஸ், மிசௌரி ஆற்றில் அரிகாரா மக்களுக்கு மேற்புறம் வாழ்ந்தோருக்குத் தடுப்பூசிக் குழு செல்ல வேண்டியதில்லை என்று முடிவெடுத்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1837 கோடையில், அமெரிக்கன் ஃபர் கம்பெனியின் செயின்ட் பீட்டர்ஸ் என்ற நீராவிப் படகு அந்த ஆற்றின் வழியே பெரியம்மையைக் கொண்டு வந்தது. அந்த மேற்புறத்தில் வாழ்ந்த மாண்டன் மக்களில் 150க்கும் குறைவானவர்களே பிழைத்தார்கள். யாருக்குப் பாதுகாப்பு, யாருக்கு இல்லை என்பதை வெளியிலிருந்து ஒருவர் தீர்மானித்த கதை அது. அந்த மக்களின் வழித்தோன்றல்கள் அதை மறக்கவில்லை.

நோயாளிகள் பற்றிய தகவல் யாருக்குச் சொந்தம்?

பழங்குடி அரசு ஒரு பொதுச் சுகாதார அமைப்பு என்பதால், மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நோய்க்கட்டுப்பாட்டுக்குத் தேவையான விவரங்களைப் பெற அதற்கு உரிமை உண்டு. நாடு முழுவதும் உள்ள 12 பழங்குடித் தொற்றுநோயியல் மையங்களுக்கும் 2010இல் அதே தகுதி சட்டத்தால் வழங்கப்பட்டது. நடைமுறையில் அவை கேட்ட தரவுகள் மறுக்கப்பட்டதையும் தாமதிக்கப்பட்டதையும் காங்கிரஸின் தணிக்கை அமைப்பு 2022ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவு செய்தது. உரிமை இருந்தும் எண்கள் கைக்கு வராவிட்டால், நோய் எந்தக் கிராமத்தில் இருக்கிறது என்று தெரியாமலேயே உத்தரவு போட வேண்டியிருக்கும்.

எதிர்ப்பக்க அபாயமும் உண்டு. சில நூறு பேர் மட்டும் வாழும் ஊரில் 'அறுபது வயதைக் கடந்த பெண் ஒருவர்' என்று அறிவித்தாலே அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். 1993இல் நான்கு மாநிலங்கள் சந்திக்கும் பகுதியில் ஹான்டா வைரஸ் நோய் முதலில் கண்டறியப்பட்டபோது, செய்தி ஊடகங்கள் அதை 'நவஹோ காய்ச்சல்' என்று எழுதின. துக்க வீடுகளுக்குள் நிருபர்கள் நுழைந்தார்கள். நவஹோ மக்கள் வெளியூர்களில் ஒதுக்கப்பட்டார்கள். அந்த நோய்க்குக் காரணம் மான் எலியின் எச்சமும் சிறுநீரும். யாருடைய இனமும் அல்ல. மழை மிகுந்து பினியன் என்ற பைன் மரத்தின் கொட்டைகள் அமோகமாக விளையும் ஆண்டுகளில் எலிகள் பெருகும், அவற்றை வீட்டுக்குள் விடக் கூடாது என்று நவஹோ முதியோர் ஏற்கனவே சொல்லி வந்தார்கள். ஆய்வாளர்கள் அதே முடிவுக்குத்தான் பிறகு வந்து சேர்ந்தார்கள். எனவே தகவல் வெளியிடும் அதிகாரத்தைப் போலவே, வெளியிடாமல் வைத்துக்கொள்ளும் அதிகாரமும் சட்டத்தொகுப்பில் இடம்பெற வேண்டும்.

சடங்குகளையும் இறுதி நிகழ்ச்சிகளையும் தடை செய்யலாமா?

கூட்டம் என்ற அளவில் கட்டுப்படுத்தலாம். சடங்கு என்பதற்காகக் குறிவைக்க முடியாது. 1968ஆம் ஆண்டுச் சட்டம் சமய உரிமையைப் பாதுகாக்கிறது. அதே சமயம், அரசு எந்தச் சமயத்தையும் சார்ந்திருக்கக் கூடாது என்ற விதியை அது பழங்குடி அரசுகளுக்கு விதிக்கவில்லை. ஆகவே பாரம்பரிய மருத்துவரையும் சடங்குத் தலைவரையும் அதிகாரபூர்வமாகவே சுகாதாரக் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம். மாநில அரசுகள் இதில் தயங்கித்தான் நடக்க வேண்டும்.

தடுப்பூசியைக் கட்டாயமாக்க முடியுமா?

தன் ஊழியர்களுக்கு ஆக்க முடியும். நவஹோ நாடு 2021 ஆகஸ்டில் தன் நிர்வாகப் பிரிவு ஊழியர்களுக்கு அப்படித்தான் ஆணையிட்டது. அனைவருக்கும் கட்டாயமாக்குவது முறையான நடைமுறைச் சோதனையைத் தாண்ட வேண்டும். ஆனால் முன்னுரிமை யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம்தான் அதிகம் பயன்பட்டது. மாநிலத்தின் வழியாகவா, இந்தியச் சுகாதாரச் சேவையின் வழியாகவா என்று பழங்குடி நாடுகளே தேர்ந்தெடுத்துத் தடுப்பூசியைப் பெற்றன. செரோகீ நாடு, செரோகீ மொழியைச் சரளமாகப் பேசுவோரை முன்வரிசையில் வைத்தது. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். அவர்களை இழந்தால் மொழியையும் இழப்போம் என்பது அந்த அரசின் கணக்கு. வெளியிலிருந்து வகுக்கப்படும் எந்த முன்னுரிமைப் பட்டியலிலும் அந்த வரி இருந்திருக்காது.

வணிக நிறுவனங்களை மூடினால் இழப்பு யாருக்கு?

பெரும்பாலும் பழங்குடி அரசுக்கே. வரி வசூலிக்கும் வழிகள் குறைவு என்பதால் பல நாடுகள் சூதாட்டக் கூட வருமானத்தைக் கொண்டே பள்ளியும் மருத்துவமனையும் நடத்துகின்றன. மாநில ஆளுநர்களின் மூடல் உத்தரவு தங்களைக் கட்டுப்படுத்தாத நிலையிலும், 2020 மார்ச்சில் ஏறத்தாழ எல்லாப் பழங்குடி நாடுகளும் தங்கள் கூடங்களைத் தாமே மூடின. காங்கிரஸ் நிவாரணச் சட்டத்தில் 8 பில்லியன் டாலர் ஒதுக்கியது. அதில் யாருக்குப் பங்கு என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது.

உத்தரவை மீறினால் என்ன தண்டனை?

உறுப்பினருக்கு அபராதம், சமூகப் பணி, கடைசியாகச் சிறை. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் பொது வரம்பு, ஒரு குற்றத்துக்கு ஓராண்டு சிறையும் 5,000 டாலர் அபராதமும். உறுப்பினர் அல்லாதவருக்கு உரிமையியல் அபராதமும் நிலத்திலிருந்து வெளியேற்றமும் மட்டுமே. தொற்று காலத்தில் ஒருவரை நெரிசலான சிறையில் அடைப்பது நோய்க்கு உதவி செய்வதாகும் என்பதால், அபராதத்தோடு நிறுத்திக்கொள்வதே விவேகம்.

நெருக்கடிநிலை எப்போது முடிகிறது?

தீர்மானத்திலேயே முடிவுத் தேதி எழுதப்பட்டிருக்க வேண்டும். முப்பது நாளோ அறுபது நாளோ கழிந்ததும் தானாகக் காலாவதியாகி, தொடர வேண்டுமென்றால் மன்றம் மீண்டும் கூடி வாக்களிக்கும்படி அமைப்பதே சிறந்த ஏற்பாடு. நவஹோ நாட்டில் முகக்கவசக் கட்டாயம் 2023 ஜனவரிவரை நீடித்தது; சுற்றியிருந்த மாநிலங்களைவிட அது வெகு நீண்ட காலம். நீண்ட காலம் நீடித்தது என்பதால் அது தவறாகிவிடாது. ஆனால் ஒவ்வொரு நீட்டிப்பின்போதும் அன்றைய நோய் எண்ணிக்கையையும் மருத்துவமனைப் படுக்கை நிலவரத்தையும் மன்றத்தின் முன் வைத்து, உறுப்பினர்கள் கேள்வி கேட்கவும், முடிவு பதிவேட்டில் ஏறவும் வழி இருக்க வேண்டும்; பின்னாளில் யாராவது நீதிமன்றம் சென்றால் அந்தப் பதிவேடே அரசின் முதல் சாட்சி.